கொரிந்துக்குச் சென்ற நினைவூட்டல்

வெளிமாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்தும் அன்பர்கள் ஒரு சங்கடத்தை நன்கறிவர். சில மாதங்கள் தவறாது வந்த சந்தா திடீரென நின்றுவிடும். மீண்டும் சென்று கேட்க நா எழாது. ஏறக்குறைய 1,970 ஆண்டுகளுக்கு முன் பவுல் என்ற கிறிஸ்தவத் தொண்டருக்கும் இந்நிலை வாய்த்தது.

எருசலேமில் வறுமையுற்ற கிறிஸ்தவர்க்கு உதவ அவர் நிதி திரட்டிவந்தார். கி.பி. 55-ஐ ஒட்டி, எபேசு நகரிலிருந்து கிரேக்க நாட்டுக் கொரிந்து சபைக்கு எழுதிய மடலில் வழியும் வகுத்துத் தந்தார்: வாரந்தோறும் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்ப ஒரு தொகையை எடுத்துவைக்க வேண்டும். கொரிந்தியர் தொடங்கினர், பின்பு தளர்ந்தனர்.

கொரிந்து இரு துறைமுகங்களையுடைய வணிக நகரம். அங்கே பணத்திற்கா பஞ்சம்? பவுலுக்கும் சபைக்கும் இடையே மனத்தாங்கல் மூண்டிருந்தது. அவர் நேரில் சென்றபோது கசப்பே மிஞ்சியது. பின்னர்க் கண்ணீருடன் ஒரு மடல் விடுத்தார். கூடாரத் தொழில் செய்து, அவர்களிடம் தமக்கென ஏதும் பெறாதிருந்த அவரையே, ஆள் அனுப்பிப் பணம் பறிப்பவரென்று சிலர் ஐயுற்றனர் போலும்.

தோழர் தீத்து கொரிந்து சென்று, மனக்கசப்பு தணிந்ததென்ற செய்தியுடன் மக்கெதோனியாவுக்குத் திரும்பினார். அந்த மகிழ்ச்சியை எழுதிய பின்னரே, இன்று நம் கையிலுள்ள இரண்டாம் மடலில், எட்டாம் அதிகாரத்தில், பவுல் கொடையைப் பற்றிப் பேசுகிறார்.

அலுவலகத்தில் நினைவூட்டுக் கடிதங்களை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் எனக்கு, அப்பகுதியின் சொல்லாட்சி வியப்பளிக்கிறது. எட்டு, ஒன்பது ஆகிய இரு அதிகாரங்களிலும் பணம் என்ற சொல்லே இல்லை. தொண்டு, பங்கேற்பு, வாழ்த்து என்றே எழுதுகிறார். 'காரிஸ்' என்னும் ஒரே கிரேக்கச் சொல் அருளாகவும் கொடையாகவும் நன்றியாகவும் வருகிறது. மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டந்தான்!

இது கட்டளையன்று என்கிறார். சென்ற ஆண்டே தொடங்கியவர்கள் நீங்களல்லவா என்று பெருமையை அவர்களுக்கே அளிக்கிறார். ஏழைகளான மக்கெதோனியர் தம் சக்திக்கு மீறிக் கொடுத்ததைக் காட்டி, அவர்களிடம் உங்களைப் புகழ்ந்திருக்கிறேனே என்றும் சொல்லிவைக்கிறார். இதில் சற்று நெருக்குதல் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தம்மேல் பழி வராதவாறு, சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவரையும் மற்றொருவரையும் தீத்துவுடன் அனுப்புகிறார்.

கி.பி. 57-ஐ ஒட்டி உரோமையர்க்கு எழுதுகையில், மக்கெதோனியரும், கொரிந்து அடங்கிய அகாயா நாட்டினரும் மனமுவந்து அளித்தனர் என்கிறார். தொகை எவ்வளவென்ற குறிப்பில்லை. ஆனால் அதே மடலில் புதியதொரு கவலை தலைகாட்டுகிறது: இத்தனை பாடுபட்டுத் திரட்டியதை எருசலேமிலுள்ளோர் ஏற்பார்களா?