வீழ்த்தியதும் வீழ்ந்ததும்: ரிச்சர்ட் ஹில்லரியின் போர் நினைவுநூலைச் சான்றாகக் கொள்ளும் முறை

இரண்டாம் உலகப் போரில் வான்சண்டையிட்ட விமானிகளின் நினைவுநூல்களை வாசிப்போர், அவற்றில் கூறப்படும் வெற்றிக் கணக்குகளையும் உயிர்தப்பிய அனுபவங்களையும் ஒரே தரத்துச் சான்றுகளாகவே ஏற்பதுண்டு. விமானி தான் வீழ்த்தியதைப் பற்றிச் சொல்வதைவிடத் தான் வீழ்ந்ததைப் பற்றிச் சொல்வதே உறுதியான சான்று என்பதும், இவ்வேறுபாட்டை மறந்த வாசிப்பு அந்நூல்களின் மெய்யான மதிப்பைத் தவறவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பிரிட்டிஷ் வான்படையின் 603ஆம் ஸ்குவாட்ரனில் (ஒன்றாகப் பறந்து போரிடும் விமானப் பிரிவில்) பணியாற்றிய ரிச்சர்ட் ஹில்லரி 1942இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் எனிமி' இதற்குத் தக்க களமாகும்.

வெற்றிக் கணக்கு ஏன் நம்பத்தகாதது என்பதற்கு 1940 செப்டம்பர் 15 போதிய விளக்கம் தருகிறது. அன்று 185 ஜெர்மானிய விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையான இழப்பு ஏறத்தாழ 60 மட்டுமே. இதில் பொய்யுரைக்கும் நோக்கம் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. ஒரே இலக்கைப் பலர் சுட்டு, ஒவ்வொருவரும் அதைத் தம் வெற்றியாகவே அறிக்கையிட்டனர். புகை கக்கியவாறு மேகத்துக்குள் பாய்ந்த விமானம் பத்திரமாகத் தளம் திரும்பியதைக் காணும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. ஹில்லரி ஓட்டிய ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளில் இருந்த தோட்டாக்கள் மொத்தம் பதினைந்து விநாடி அளவே சுடப் போதுமானவை என்பதை நினைத்தால், அந்த விநாடிகளில் கண் கண்டது எவ்வளவு துண்டுபட்டதாக இருந்திருக்கும் என்பது புலப்படும்.

ஹில்லரியின் நூலில் இவ்விரு வகைச் சான்றுகளும் ஒரே நிகழ்ச்சியில் சந்திக்கின்றன. 1940 செப்டம்பர் 3 அன்று எதிரி விமானம் ஒன்றைச் சுட்ட அவர், உடனே விலகிச் செல்லாமல், அது எரிந்து விழுவதை உறுதிசெய்துகொள்ள மீண்டும் சுட்டார். அந்தச் சில விநாடித் தாமதத்தில் அவர் விமானமே தாக்குண்டது. வெற்றியைக் கண்ணால் காணும் வேட்கையே வீழ்ச்சிக்குக் காரணமாயிற்று என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஸ்பிட்ஃபயரின் எரிபொருள் தொட்டி விமானியின் இருக்கைக்கு நேர் முன்னே இருந்தமையால் தீ முதலில் முகத்தையும் கைகளையும் பற்றியது. அவர் கையுறையும் அணிந்திருக்கவில்லை. புதிதாகப் பொருத்தப்பட்டிருந்த தலைமேல் கண்ணாடி மூடி சரியாக நகராததை அன்று காலையிலேயே அவர் கவனித்திருந்தார். தொட்டி இருந்த இடம், மூடியின் கோளாறு, காயம்பட்ட உறுப்புகள் ஆகியவை ஒன்றையொன்று விளக்குவதால், விமானத்தின் அமைப்பை அறிந்த எவரும் இப்பகுதியைச் சரிபார்க்க முடியும். வெற்றிக் கணக்குக்கு அத்தகைய உள்ளுறுதி இல்லை.

மருத்துவமனைப் பகுதிகளின் மதிப்பு இதனினும் பெரிது. அக்காலத்தில் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் பூசப்பட்டது. அது காய்ந்து கடினமான மேலோடாக இறுகி, விரல்களை முடக்கும் தழும்புகளுக்கு வழிவகுத்தது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் பணியாற்றிய நியூசிலாந்து அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, கடலில் விழுந்த விமானிகளின் புண்கள் நன்கு ஆறுவதைக் கண்டு உப்புநீர்க் குளியலைக் கையாண்டார். வடகடலில் நெடுநேரம் மிதந்து, உயிரை விட முயன்றும் முடியாமல், மார்கேட் உயிர்காப்புப் படகால் மீட்கப்பட்ட ஹில்லரி, அவரிடம் புதிய இமைகளும் மேலுதடும் பெற்றார். மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றோர் 1941இல் அமைத்த 'கினிப் பிக் சங்கம்' பின்னர் 649 உறுப்பினர்களாக வளர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் எழுதாதவற்றை உள்ளிருந்து காட்டும் தொடக்ககால எழுத்தாக இப்பகுதியைப் போற்ற வேண்டும்.

நூலின் இறுதியோ வேறு தன்மையது. லண்டன் குண்டுவீச்சின் இடிபாடுகளிலிருந்து மீட்கப்படும் ஒரு பெண்ணைக் கண்டு ஹில்லரி மனம் மாறுவதாக வரும் அக்காட்சி நடந்ததா என்பதை விமர்சகர்கள் ஐயுற்றிருக்கின்றனர். தன்னலமே நெறியெனக் கொண்ட இளைஞன் பிறர்க்குரியவனாக மாறும் வடிவம் போர்க்கால வாசகர் எதிர்பார்ப்போடு மிகவும் பொருந்திப்போவதால், அந்த ஐயம் நியாயமானதே. அறுபதாண்டு கழித்து 2002இல் வெளிவந்த ஜெஃப்ரி வெல்லமின் 'ஃபர்ஸ்ட் லைட்' இத்தகைய திருப்பத்தை நாடவில்லை. பதினெட்டு வயதில் 92ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தவரின் களைப்பிலேயே அது முடிகிறது. காலம் தாழ்ந்த நினைவு மங்கியது என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, போர் முடிந்திருந்தமையால் வெல்லமுக்கு எவரையும் ஊக்குவிக்கும் கடமை இல்லாதிருந்தது அவர் நூலுக்கு வலிமை சேர்த்தது.

ஹில்லரிக்கு அந்த விடுதலை வாய்க்கவில்லை. விரல்கள் முழுதும் தேறாத நிலையிலேயே பறக்கத் திரும்பிய அவர், 1943 ஜனவரி 8 அன்று இரவுப் பயிற்சியில் தம் 23ஆம் வயதில் இறந்தார்; அவ்வாண்டே எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் அவரைச் சுற்றி ஒரு தொன்மம் உருவாவதைப் பற்றிக் கட்டுரை எழுத நேர்ந்தது. அத்தொன்மம் முன்னிறுத்தியவை வீரமும் மனமாற்றமும்; நூலில் மிகக் கவனமாக எழுதப்பட்ட மருத்துவமனைப் பகுதிகள் அவற்றுக்குப் பின்னே தள்ளப்பட்டன.