ஸ்டெப்னி இல்லாத வண்டிகள்

சங்ககிரியிலிருந்து கிளம்பும் எந்த லாரியையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சேசிஸுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு ஸ்டெப்னி தொங்கிக் கொண்டிருக்கும். பத்துச் சக்கர வண்டிக்குப் பதினோராவது டயர் அது. ரிம்மோடு சேர்த்தால் நூறு கிலோவை நெருங்கும். பாதி நாள் சும்மா சவாரி செய்கிற சுமைதான், ஆனால் அது இல்லாமல் எந்த டிரைவரும் வடக்கே கிளம்ப மாட்டார்.

பந்தயக் காரைப் பாருங்கள். அதில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிற வண்டி, டயரைத் தேய்த்துத் தின்கிற வண்டி, மாற்று டயர் இல்லாமல் ஓடுகிறது. அதற்கான டயர்கள் வேறொரு லாரியில் வருகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குப் பின்னால் பைப் வண்டி போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆரம்பத்தில் பந்தயக் கார் தன் மாற்று டயரைத் தானே சுமந்தது.

1895 ஜூனில் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அன்று மற்ற வண்டிகள் கெட்டியான சக்கரங்களில் ஓட, ஆந்த்ரே, எத்வார் என்ற மிஷெலின் சகோதரர்கள் மட்டும் காற்றடைத்த டயரில் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். எடுத்துப் போன 22 டியூப்களும் காலியாகிவிட்டன என்று சொல்வார்கள். குறித்த நேரத்துக்குள் வந்து சேரவும் முடியவில்லை. ஆனால் காற்று டயரில் கார் ஓடும் என்பது தெரிந்துவிட்டது. மாற்று டியூப் எத்தனை வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது!

அடுத்த முக்கியமான வருடம் 1906. முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரி, லெ மான் ஊருக்குப் பக்கத்தில். ஒரு சுற்று 103 கிலோமீட்டர், நாளைக்கு ஆறு சுற்று, இரண்டு நாள். வெயிலில் தார் உருகியது, டயர்கள் வரிசையாகப் போயின. டிரைவரும் கூட உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்பது விதி. பழைய முறைப்படி கிழிந்த டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதிதை ஏற்றக் கால் மணி நேரம் ஆகும். மிஷெலின் கம்பெனி அந்த வருடம் கழற்றி மாட்டும் ரிம்மைக் கொடுத்தது. நட்டுகளைக் கழற்றி, காற்றடைத்துத் தயாராக இருக்கும் டயரை ரிம்மோடு மாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். சில நிமிட வேலை. ரெனோ காரில் ஃபெரென்ஸ் சிஸ் ஜெயித்தார்.

எல்லோரும் ஏன் அந்த ரிம்மை மாட்டவில்லை? எடைதான் காரணம். வண்டி 1,000 கிலோவைத் தாண்டக்கூடாது. புது ரிம் சக்கரத்துக்குச் சுமார் 9 கிலோ கூடுதல். ஏற்கெனவே எல்லையைத் தொட்டுக் கொண்டிருந்த வண்டிகள் அதை மாட்ட முடியாமல் கால் மணி நேரக் கணக்கிலேயே மாட்டிக் கொண்டன. சுமந்தால் எடை, சுமக்காவிட்டால் நேரம். இந்தக் கணக்கு அன்றிலிருந்து இன்று வரை பந்தயத்தை விடவில்லை.

இதற்கு நடுவில் வேல்ஸ் நாட்டின் லானெத்லி என்ற ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்ற இரும்புக் கடைக்காரர் 1904-இல் ஆரமில்லாத ஒரு ரிம்மைச் செய்து, காற்றடைத்த டயரோடு விற்க ஆரம்பித்திருந்தார். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கிளாம்பு போட்டு இதை இறுக்கிக் கொண்டு போய்விடலாம். அவர் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. கம்பெனி எப்போதோ போய்விட்டது, இங்கிலாந்தில் அந்த வார்த்தையையும் மறந்துவிட்டார்கள். ஆனால் நாமக்கல் பட்டறையில் வேலை பழகும் பையன் வரை இங்கே எல்லோருக்கும் அது ஸ்டெப்னிதான். (தமிழில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம் :) )

பந்தயங்கள் ஊர் விட்டு ஊர் போவதை விட்டு ஒரே வட்டத்துக்குள் சுற்ற ஆரம்பித்த பிறகு, டயரைக் காரில் சுமக்க வேண்டிய அவசியம் போனது. சுற்றி வந்தால் பிட் இருக்கிறது, டயர் அங்கே இருக்கட்டும். மாற்று டயர் காரிலிருந்து இறங்கி லாரியில் ஏறியது.

தமிழ்நாட்டில் அந்த லாரிகள் முதலில் போனது சோழவரத்துக்கு. சென்னைக்கு வடக்கே கல்கத்தா சாலையில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடம் பந்தயம் நடத்தியது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். வெளிநாட்டுப் பந்தயக் காரை எப்படியோ கொண்டு வந்துவிட்டாலும் அதற்கு டயர் மவுண்ட் ரோடு கடையில் கிடைக்காது. ஒரு செட் தேய்ந்தால் அடுத்த செட்டுக்குக் கடல் தாண்ட வேண்டும். ராஜா வீட்டுப் பிள்ளைகளும் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளும் அதிகம் ஓட்டியதற்குக் காரின் விலை மட்டும் காரணமல்ல.

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நிரந்தரத் தடம் வந்தது. 2003-இல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. விமான விபத்தில் 1995-இல் இறந்த கரிவர்தனின் பெயர். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர் அவர். ஃபார்முலா மாருதி என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்று ஆனதும், உதிரிச் சாமானும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. பத்துக் காருக்குப் பத்து விதச் சக்கரம் சுமக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியில், ஸ்ரீபெரும்புதூரில்தான்.

இரண்டு தடங்களுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர். சேலம், சங்ககிரி, பவானி வழியாகத்தான் வண்டிகள் போகும். லாரி உலகத்தின் நட்ட நடுவில், யாரும் கவனிக்காமல் பந்தயச் சக்கரங்களும் போய்க் கொண்டிருக்கின்றன.

இந்த லோடு கொஞ்சம் விசித்திரமானது. ஒரு காருக்கு இரண்டு செட் உலர் டயர், ஒரு செட் மழை டயர் என்று வைத்தால் 12 சக்கரம். ஐந்து காருக்கு 60. பந்தயச் சக்கரம் லேசானது, லாரிச் சக்கரத்தின் எடையில் சிறு பங்குதான். அதனால் டன் கணக்கு நிரம்புவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். வாடகையோ முழு வண்டிக்கு. நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பக்குவமும் முட்டை போலத்தான். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நாள்கணக்கில் வைத்தால் அடியில் இருப்பது அமுங்கும். எனவே அடுக்குச் சட்டத்தில் நிறுத்துகிறார்கள். வெயில் படக்கூடாது, ரப்பர் சீக்கிரம் முதுமையடையும். காற்றையும் குறைத்துத்தான் ஏற்றுவார்கள், ஏனென்றால் சித்திரை மாதம் சேலத்தில் மூடிய லாரிக்குள் இருக்கும் சூடு சொல்லி முடியாது. முன்சக்கரம், பின்சக்கரம், இடது, வலது என்று சாக்பீஸ் அடையாளம் வேறு. அவசரத்தில் மாறிப் போனால் அவ்வளவுதான்.

சரியான டயர் சரியான இடத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அதில் மேலே சொன்ன கோயம்புத்தூர்க்காரரும் இருக்கிறார்.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ், அமெரிக்க கிராண்ட் பிரி. அந்த வருட விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர், நடுவில் மாற்றக்கூடாது. வெள்ளிக்கிழமை பயிற்சியில் 13-ஆவது வளைவில், அந்தச் சரிவான திருப்பத்தில், ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் போய்க் கார் சுவரில் மோதியது. கொண்டு வந்த டயர்கள் முழுப் பந்தயத்தையும் அந்த வளைவில் தாங்காது என்று மிஷெலின் கண்டுபிடித்தது. பிரான்ஸிலிருந்து வேறு வகை டயர்களை அவசரமாக விமானத்தில் வரவழைத்தார்கள். வந்தன, ஆனால் அவற்றிலும் அதே கோளாறு. வேகத்தைக் குறைக்க அந்த வளைவுக்கு முன் தடுப்பு வையுங்கள் என்று அணிகள் கேட்டன, எஃப்.ஐ.ஏ. மறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை 20 கார்கள் ஒரு சுற்று வந்தன. மிஷெலின் டயர் மாட்டிய 14 கார்களும் நேராகப் பிட்டுக்குள் போய்விட்டன. பந்தயம் ஓட்டியது பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறே கார்கள். அதில் ஒன்று ஜோர்டான், ஓட்டியவர் நரேன். நான்காம் இடம், 5 புள்ளி. ஃபார்முலா ஒன்றில் ஒரு இந்தியர் எடுத்த புள்ளிகள் இதுவரை அவை மட்டுமே.

ஓசியில் வந்த புள்ளி என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அது நியாயமில்லை. தன் டயரோடு தடத்தில் நின்றவர் கடைசி வரை ஓட்டினார், அதுவும் பந்தயத்தின் ஒரு பகுதிதான். மிஷெலினுக்கோ டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த வருடப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட் வாங்கி ரசிகர்களுக்குத் தருவதாகவும் அறிவித்தது. 1895-இல் 22 டியூபோடு ஆரம்பித்த அதே கம்பெனி!

2020 மார்ச்சில் கொரோனாவால் மெல்போர்ன் பந்தயம் கடைசி நேரத்தில் ரத்தானபோது இதற்கு நேர் எதிரானது நடந்தது. டயர் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, பந்தயம்தான் இல்லை. ரிம்மில் ஏற்றிய பந்தய டயரைக் கழற்றினால் ஓரம் பாதிக்கப்படலாம், மறுபடி ஏற்றி அந்த வேகத்தில் ஓட்டுவது ஆபத்து. அதனால் ஒரு அடி கூட ஓடாத சுமார் 1,800 டயர்களை பிரெல்லி ஒதுக்கியது. அவை கப்பலில் இங்கிலாந்துக்குத் திரும்பி, சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போயின.

சங்ககிரிக்காரர்களுக்கு சிமென்ட் ஆலை புதிதல்ல, ஆனால் ஓடாத டயரை எரிப்பது நிச்சயம் வயிற்றெரிச்சல் தரும். இந்தப் பக்கம் டயர் மொட்டையானால் கேசிங் நன்றாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, மேலே புது ரப்பர் பட்டை ஒட்டி, அறைக்குள் சுமார் 100 டிகிரியில் வேகவைத்து மறுபடி ரோட்டுக்கு அனுப்புவார்கள். சில டயர்கள் இரண்டு முறை கூட ரீட்ரேடிங் ஆகும். இந்தியப் பந்தய டயர்களில் பெரிய பெயரான எம்.ஆர்.எஃப். கூட ரப்பர் பலூனுக்குப் பிறகு 1952-இல் இறங்கிய தொழில் இந்த ரீட்ரேடிங் ரப்பர்தான். முழு டயர் செய்ய ஆரம்பித்தது 1960-களில். பந்தயத்துக்கெல்லாம் வந்தது அதற்கும் வெகு நாள் கழித்து.