எளிய கருவியை ஏன் விலக்கினர்?

கணினி நிலையமொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் அண்மையில் ஒரு செய்தி சொன்னார். ஐ.பி.எம். பெருங்கணினிகளில் 'சூப்பர்ஸாப்' என்றொரு துணைக்கருவி உண்டு. மூல நிரலைத் தொடாமலே, இயங்கும் நிரலை அது நேரே திருத்திவிடும். வேலை விரைவில் முடியும். எனினும் பல நிலையங்களில் அதனை எல்லார் கையிலும் கொடுப்பதில்லை. மூலத்தில் பதியாத திருத்தம், பின்னர் அம்மூலத்தை நம்பி உழைப்பவரை இடறச் செய்யும்.

சிவகாசி வட்டாரத்தில் ஆசிரியனாய் இருந்த எனக்கு இது புதிதன்று. வெண்பாஸ்பரசுத் தீக்குச்சி எங்கு உரசினும் எரிந்தது. ஆயின் அதைச் செய்தோரின் தாடையெலும்பை அரித்தது. 1906இல் பெர்ன் உடன்படிக்கையும், 1913இல் இந்தியச் சட்டமும் அதனை விலக்கின. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் பயின்று, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்குமுன்பே அந்நஞ்சுக்குக் கதவு அடைபட்டுவிட்டது.

பட்டாசுத் தொழிலிலோ விலக்கு தாமதித்தது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை எளிதில் பற்றும்; அதனாலேயே சிறு உராய்விலும் வெடிக்கும். 1992இல்தான் மைய அரசு பட்டாசுகளில் அதனைத் தடை செய்தது. வெடிவிபத்தில் தந்தையை இழந்து படிப்பை விட்ட மாணவன் ஒருவன் பெயரை, வருகைப் பதிவேட்டில் என் கையாலேயே அடித்திருக்கிறேன்.

விலக்கப்பட்ட கருவிகள் பயனற்றவை அல்ல. ஒருவருக்கு மிச்சமாகும் நேரத்திற்கு மற்றொருவர் விலை கொடுப்பதாலேயே அவை விலக்கப்பட்டன. குறுக்குவழி கைக்கு வரும்போது, அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள்.