சிலந்தி நூல்: நடுவில் ஒரு லூப், ஓரத்தில் இரண்டு முனை

போன எபிசோடில் பட்டுப்புழு பற்றிப் பேசியதும் நிறைய பேர் கேட்டது இதுதான்: "புழுவை வளர்க்கிறாங்க, சரி. சிலந்தியை ஏன் யாரும் வளர்க்கல?"

வளர்த்துப் பார்த்திருக்காங்க. 1709 வாக்கில் பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் போன் என்பவர் சிலந்தியின் முட்டைப் பைகளைச் சேகரித்து, அதிலிருந்து நூல் எடுத்து, கையுறையும் காலுறையும் செய்து காட்டினார். இதைத் தொழிலாக நடத்த முடியுமா என்று பார்க்கும் வேலை பாரிஸ் அறிவியல் கழகத்தின் ரெயோமூரிடம் போனது. அவர் சிலந்திகளை ஒன்றாக அடைத்து வைத்தார். ஒன்றையொன்று தின்றுவிட்டன. அவ்வளவுதான்.

சரி, அந்த நூலில் அப்படி என்ன இருக்கு? "இரும்பைவிட வலிமை" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரும். எனக்கு அது பாதி உண்மைதான். வெறும் இழுவலிமையில் கெவ்லார் சுலபமாக ஜெயித்துவிடும். ஆனால் கெவ்லார் 3 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். சிலந்தி தொங்கி இறங்கும் நூலோ கால் பங்கு வரைக்கும் நீளும். அதனால் அறுவதற்கு முன் அது உள்வாங்கும் ஆற்றல் கெவ்லாரைவிடப் பல மடங்கு. வேகமாக வந்து மோதுகிற பூச்சியை நிறுத்த வேண்டிய வலைக்கு இதுதானே தேவை?

இது எப்படி நடக்குதுன்னு புரிய ஆரம்பித்தது 1990-ல். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் மிங் ஷூ, ராண்டால்ஃப் லூயிஸ் இருவரும் இந்த நூல் புரதத்தின் மரபணுவில் ஒரு பகுதியைப் படித்து வெளியிட்டார்கள். எங்களை மாதிரி கோடு எழுதுறவங்க பார்த்தால் உடனே சொல்லிடுவோம், இது ஒரு லூப். அலனின் என்ற அமினோ அமிலம் வரிசையாகச் சில, அப்புறம் கிளைசின் நிறைந்த ஒரு துண்டு, மறுபடி அலனின், மறுபடி கிளைசின். முழுப் புரதத்தில் இது ஏறக்குறைய நூறு தடவை திரும்ப வரும். அலனின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒட்டிக்கொண்டு நுண்ணிய படிகங்களாகின்றன. வலிமை அங்கிருந்து வருது. கிளைசின் துண்டுகள் ஒழுங்கில்லாமல் நெகிழ்ந்து கிடக்கின்றன. இழுத்தால் நீள்வது அதுதான்.

சோர்ஸ் கோடு கையில் கிடைத்தாச்சு, இனி ரன் பண்ண வேண்டியதுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். கனடாவின் நெக்ஸியா நிறுவனம் ஆட்டுப் பாலில் இந்தப் புரதம் சுரக்கும்படி ஆடுகளை உருவாக்கியது. 2002-ல் அவர்கள் பாலூட்டி செல்களில் செய்த புரதத்திலிருந்து நூலும் இழுத்துக் காட்டினார்கள். ஆனால் இழுவலிமை சிலந்தியின் நூலுக்குக் கீழேதான். நிறுவனம் நிலைக்கவில்லை, ஆடுகள் லூயிஸின் ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்தன.

புரதத்தின் நீளம் போதவில்லை என்பது ஒரு விளக்கம். பாக்டீரியாவிடம் இவ்வளவு நீளமான ரிப்பீட்டைக் கொடுத்தால் தடுமாறும். அவ்வளவு கிளைசினை அதனால் ஈடுகொடுத்துச் சேர்க்க முடியாது. 2010-ல் தென்கொரிய விஞ்ஞானிகள் அந்த இடத்தைச் சரிசெய்து, சிலந்தியின் அளவுக்கே நீளமான புரதத்தை எடுத்தார்கள். அப்படியும் நூலின் வலிமை இயற்கை நூலில் பாதியைத்தான் தொட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். புரதத்தின் இரண்டு முனைகளிலும் லூப்பில் சேராத சின்னத் துண்டுகள் உண்டு. பல ஆய்வகங்கள் செயற்கைப் புரதம் செய்யும்போது அதை வெட்டி எறிந்துவிட்டன. நம்ம ஆபீஸில் யாரோ பழைய ஃபைலின் முதல் நாலு வரியை "இது எதுக்கு?" என்று டெலிட் பண்ணுவது போல. 2010-ல் நேச்சர் இதழில் வந்த இரண்டு கட்டுரைகள் அந்த முனைகள் என்ன செய்கின்றன என்று காட்டின. சிலந்தியின் சுரப்பியில் புரதம் கெட்டியான திரவமாக, உறையாமல் சேமிப்பில் இருக்கும். குறுகலான குழாய் வழியாக வெளியே வரும்போது அமிலத்தன்மை கூடும், உப்புகளும் மாறும். அப்போது முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு புரதங்களைச் சங்கிலியாக்கும். இழுவிசை படிகங்களை அடுக்கும். திரவம் நூலாகும். கொதிக்க வைக்க வேண்டாம், ஆபத்தான ரசாயனமும் வேண்டாம். கெவ்லார் செய்ய அடர் சல்ஃபூரிக் அமிலம் வேண்டும் என்பதை இங்கே ஞாபகம் வைச்சுக்கோங்க.

2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இரண்டு வேறு சிலந்தி இனங்களின் முனைகளை எடுத்து, நடுவில் இரண்டே இரண்டு ரிப்பீட் வைத்து, பாக்டீரியாவில் புரதம் செய்தார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, அமிலத்தன்மை உள்ள திரவத்துக்குள் மெல்லிய குழாயால் பீய்ச்சினார்கள். 1 லிட்டர் பாக்டீரியா வளர்ப்பில் கிடைத்த புரதம் 1 கிலோமீட்டர் நூலுக்குப் போதுமானதாக இருந்தது. வலிமை இன்னும் சிலந்தி நூலுக்குக் கிட்டே வரவில்லை. நடுவில் ரிப்பீட் இரண்டுதானே.