நேபாள மலைப் பயணம்: உயரத்தில் உடல்நலம் காக்க நாம் அறிய வேண்டியவை



விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த நம் இளைஞர்களும் குடும்பங்களும் இப்போது நேபாளம் வரை செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்துச் சிந்திக்கப் பூமியில் பயணம் செய்வது நல்ல காரியமே. ஆனால் ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர்தான். எவரெஸ்ட் அடிவார முகாமோ 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த இடைவெளியை வெறும் குளிர் வித்தியாசம் என்று நினைத்துப் போகிறவர்கள்தாம் ஆபத்தில் சிக்குகிறார்கள். எனவே, பயணத்துக்கு முன் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உயரத்தில் உடலுக்கு என்ன நேர்கிறது?

மலை மேலே போனாலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 விழுக்காடாகவே இருக்கும். குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். அதாவது, ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய பாதிதான்.

இதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றலை அல்லாஹ் நம் உடலுக்குக் கொடுத்திருக்கிறான். ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். அந்த அவகாசம் கொடுக்காமல் வேகமாக ஏறினால் வருவதுதான் உயரநோய். இது வயது, உடல் வலிமை பார்த்து வருவதில்லை. தினமும் ஓடிப் பயிற்சி செய்யும் இளைஞருக்கு வரலாம். கூடவே வந்த அவருடைய தந்தைக்கு வராமலும் போகலாம். சொல்லப்போனால், வலிமையுள்ள இளைஞர்களே வேகமாக ஏறி முதலில் படுத்துவிடுகிறார்கள்.

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர், பொக்காரா சுமார் 820 மீட்டர். இந்த ஊர்களோடும் சித்வன் காட்டோடும் திரும்புகிறவர்களுக்கு உயரநோய் பற்றிய கவலை தேவையில்லை. 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்குபவர்கள்தாம் கவனமாக இருக்க வேண்டும்.

அறிகுறிகள்

உயரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலி தொடங்கலாம். அதோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், கடும் சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அதை உயரநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வெயில், பயணக் களைப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் தேடக் கூடாது. அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் சரியாகிவிடும்.

உயிருக்கு ஆபத்தான நிலைகள் இரண்டு:

1. மூளையில் வீக்கம்: பேச்சு குழறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். சந்தேகம் வந்தால், ஒரு நேர்க்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் ஒட்டுமாறு அடிவைத்து நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் அது அபாய அறிகுறி.

2. நுரையீரலில் நீர் கோத்தல்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும். இருமல் வரும், உதடும் நகமும் நீலமாகும், சிலருக்கு இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும்.

இந்த இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதே. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும், துணையோடு, குறைந்தது 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்க வேண்டும். ஆக்ஸிஜனும் மருந்தும் கிடைத்தால் கொடுக்கலாம்; ஆனால் அவை இறங்குவதற்கு மாற்று அல்ல.

ஏறும் முறை

3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, ஏறாமல் அதே ஊரில் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும். பகலில் சற்று உயரம் ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்குவது நல்லது.

எவரெஸ்ட் பாதையை எடுத்துக்கொள்வோம். விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர். நாம்சே பஜார் 3,440 மீட்டர். டிங்போச்சே 4,410 மீட்டர். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்கும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. விடுப்பு குறைவு என்று இந்த இரவுகளைக் கழித்துவிட்டுத் திட்டம் போட்டுத் தரும் ஏற்பாட்டாளர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நடக்காமல் ஜீப்பில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பொக்காராவிலிருந்து ஒரே நாளில் முக்திநாத் பகுதிக்குப் போய்விடலாம். அது 3,700 மீட்டருக்கு மேல். அன்றிரவே அங்கே தங்காமல், வழியில் சுமார் 2,700 மீட்டரில் உள்ள ஜோம்சோம் அருகே தங்கிவிட்டு, மறுநாள் மேலே போய்ப் பார்த்துத் திரும்புவது பாதுகாப்பானது.

அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் போவதும் விரல் நுனி மதமதப்பதும் இதன் இயல்பான விளைவுகள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. தூக்க மாத்திரை மூச்சை மேலும் மந்தப்படுத்தும் என்பதால் தவிர்த்துவிடுங்கள். இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் ஆலோசித்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின் உறைந்துவிடாமல் உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; உறைந்த இன்சுலின் பயன்படாது.

அமீர் ஒருவர் வேண்டும்

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். மலைப் பயணத்தில் இந்த சுன்னத்தின் அருமை நன்றாகவே விளங்கும். தலைவலி வந்தவர் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. தன்னால் நண்பர்களின் பயணம் கெடக் கூடாது, செலவழித்த பணம் வீணாகக் கூடாது என்று மறைத்துக்கொண்டே நடக்கிறார். மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாகிறது.

எனவே புறப்படும் முன்பே மூன்று முடிவுகளை எடுத்துவிடுங்கள். தினமும் காலையும் இரவும் அமீர் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பார். குழுவில் பலவீனமானவரின் வேகமே எல்லோருடைய வேகம். இறங்கு என்று அமீர் சொன்னால் யாரும் வாதாடுவதில்லை. இறங்குபவரோடு ஒருவர் கட்டாயம் போவார், தனியே அனுப்பக் கூடாது.

சுமை தூக்கி வருபவரும் நம் குழுவில் ஒருவரே. அவர்களில் பலர் தாழ்வான கிராமங்களிலிருந்து வருபவர்கள். உயரநோய் அவர்களுக்கும் வரும். அவருக்குக் கம்பளி உடையும் நல்ல காலணியும் இருக்கின்றனவா, சுமை அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. அவர் நோயுற்றால், கூலியைக் கொடுத்துத் தனியே கீழே அனுப்பிவிடுவது அநீதி.

தண்ணீரும் உணவும்

நேபாளத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை எல்லாம் அதன் வழியே வரும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். குளோரின் மாத்திரையும் உதவும். ஆனால் மழைக்காலத்தில் பரவும் சைக்ளோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி அதற்குச் சாகாது. அப்போது கொதிக்க வைப்பதே சரி. டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

ஹலால் உணவு காத்மாண்டில் கிடைக்கும். கண்டாகர் அருகே காஷ்மீரி தக்கியா பள்ளியும் நேபாளி ஜாமிஆ பள்ளியும் இருக்கின்றன. அங்கே விசாரித்தால் வழிகாட்டுவார்கள். மலைப் பாதையில் இறைச்சியை அறவே விட்டுவிடுங்கள். எவரெஸ்ட் பகுதியின் மேல் கிராமங்களில் உயிர்களை அறுப்பதில்லை. இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து கொண்டுவரப்படுகிறது. ஹலால் என்ற வகையிலும் ஆரோக்கியம் என்ற வகையிலும் அது நமக்கு ஆகாது. பருப்பு, சோறு, காய்கறி சேர்ந்த 'தால் பாத்' எங்கும் சூடாகக் கிடைக்கும். மோமோ வாங்கும்போது உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

காத்மாண்டின் தெருநாய்களிடமும் சுயம்புநாத் குன்றின் குரங்குகளிடமும் நெருங்க வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும்.

வணக்கத்தில் உள்ள சலுகைகள்

சிரமத்தில் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அல்ல. பயணிக்கு லுஹர், அஸர், இஷா இரண்டு ரக்அத்களாகின்றன. எத்தனை நாள் கஸ்ர் செய்யலாம், எப்போது ஜம்உ செய்யலாம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. புறப்படும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலுறை மீது மஸஹ் செய்யப் பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு அவகாசம் உண்டு. எந்த வகைக் காலுறை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உறைபனியில் தண்ணீர் உடலுக்குத் தீங்கு செய்யும் என்று அஞ்சினால் தயம்மும் இருக்கிறது. தாத்துஸ் ஸலாஸில் போரின்போது கடும் குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்ததும், அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

ரமளானில் பயணம் செய்பவர் நோன்பைப் பின்னர் கழா செய்ய அனுமதி உண்டு. உயரத்தில் உடல் நீரை வேகமாக இழப்பதால் அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதே உடலுக்கு நல்லது. சென்னையில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். காத்மாண்டில் ஏறக்குறைய நேர் மேற்கு. நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால் இருக்கிறது.

வானிலையும் ஆவணங்களும்

அக்டோபர், நவம்பரும் மார்ச் முதல் மே வரையும் ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலச்சரிவு அதிகம். ஆனால் நல்ல காலத்திலும் வானிலையை நம்பிவிடக் கூடாது. 2014 அக்டோபரில் வங்கக்கடலில் உருவாகி விசாகப்பட்டினத்தைத் தாக்கிய 'ஹுத்ஹுத்' புயலின் மிச்சம், அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாக மாறியது. 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாய் உள்ளிட்ட இடங்களில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வங்கக்கடலில் புயல் என்று செய்தி வந்தால், கணவாயைக் கடக்காமல் காத்திருங்கள்.

2023 ஏப்ரல் முதல், உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டினர் மலையேற்றம் செல்வதை நேபாளம் தடை செய்துள்ளது. இந்தியர்கள் விமானத்தில் செல்லப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். காப்பீடு எடுப்பவர்கள், நீங்கள் போகும் உயரத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் அது உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். தேவையற்ற ஹெலிகாப்டர் அழைப்புகளால் காப்பீட்டுப் பணம் சுருட்டப்பட்ட மோசடிகளும் அங்கே வெளிவந்திருக்கின்றன. எனவே, காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணை நீங்களே வைத்திருந்து நேரடியாகப் பேசுங்கள். காவல்துறை 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாக் காவல் 1144. எவரெஸ்ட் பாதையில் பெரிச்சேயிலும், அன்னபூர்ணா பாதையில் மனாங்கிலும் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையங்கள் பருவகாலத்தில் இயங்குகின்றன.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி. மலை எங்கும் போய்விடாது. அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். பாதியில் திரும்பி வந்தவர் மறுபடியும் போகலாம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நாம் உயிரோடு திரும்பி வருவதே முக்கியம். பயணம் செய்யும் நம் சகோதர சகோதரிகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாத்து, நலமோடு வீடு சேர்ப்பானாக. ஆமீன்.