ஒலியால் பழுதறிந்த வரலாறு

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை நீளும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. நீரிணையை வந்தடைந்த சரக்குப் பெட்டிகள் அந்நாளில் மிதவைகளில் ஏற்றப்பட்டு அக்கரைக்குக் கடத்தப்பட்டன. 1923ஆம் ஆண்டு செப்டம்பரில் கடற்பாலத்தின்மேல் சரக்கு வண்டிகளும், அடுத்த மாதத்தில் பயணிகள் வண்டிகளும் ஓடத் தொடங்கவே, ஜொகூர்த் தோட்டங்களின் இரப்பர் தடையின்றிச் சிங்கப்பூர்த் துறைமுகத்தைச் சென்றடைந்தது. மலாயாவின் இருப்புப்பாதைகளில் மண் சுமந்தும் கட்டை பரப்பியும் உழைத்தோருள் தமிழர் மிகப் பலர். அவ்வுழைப்பைப் பற்றி ஓரளவேனும் எழுதப்பட்டுள்ளது. பாதை அமைந்த பின்னர், அதன்மீது ஓடிய சக்கரங்களைப் பழுதின்றிக் காத்த அறிவைப் பற்றியோ எழுதப்பட்டது மிகக் குறைவு.

பிரிட்டிஷ் மரபில் அமைந்த புகைவண்டித் துறைகளில் சக்கரம் தட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு பணி இருந்தது. வண்டி நின்றதும், நீண்ட காம்புடைய சுத்தியலோடு ஒருவர் பெட்டிக்குப் பெட்டி நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டுவார். குறையற்ற இரும்பு மணிபோல் ஒலித்து நீடிக்கும். வெடிப்புக் கண்டதோ மந்தமாய் ஒலித்து உடனே அடங்கும். வெடிப்பின் விளிம்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலை விழுங்கிவிடுவதே இதற்குக் காரணம். அச்சுப்பெட்டியின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பதும் உண்டு. எண்ணெய் வற்றிய தாங்கி அக்கையைச் சுட்டுவிடும். சந்தையில் பானை வாங்கும் பெண் விரல்முட்டியால் தட்டிப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குகிறாள். அவள் பெற்றிருப்பதும் இதே அறிவுதான்.

ஆயினும் சுத்தியலுக்கு எட்டாத பழுதும் உண்டு. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய வண்டியொன்றின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றி, 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். தாங்கக்கூடிய பாரத்தையே பன்முறை தாங்கித் தாங்கி இரும்பும் களைத்து முறியும் என்னும் உண்மையை ஆராயப் பொறியாளரைத் தூண்டியது அந்நிகழ்ச்சி. மேலும், சக்கரத்தைத் தட்டியவரின் தேர்ச்சி அவர் செவிக்குள்ளேயே இருந்தது. நேற்றைய ஒலியோடு இன்றைய ஒலியை ஒப்பிட ஏடு ஏதும் இல்லை. அவர் ஓய்வு பெற்றுச் சென்றபோது அவ்வறிவும் அவரோடு சென்றது.

செவி கேட்டதை ஏட்டில் ஏற்றுவது எப்படி? இதற்கான கணிதம் முன்பே பிறந்துவிட்டது. எத்துணைச் சிக்கலான அசைவாயினும் அதைப் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டலாம் என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். இசையறிந்தோர்க்கு இது வியப்பன்று. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணையே அதன் மேலொலிகளை அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக இசையச் செய்கிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1920இல் உடனாய்வாளர் ஒருவருடன் எடுத்துக்காட்டினார். தோலில் காணப்படும் இவ்வொழுங்கைப் பற்சக்கரத்திலும் தேடலாமன்றோ?

தேடுவதற்குக் கருவி வேண்டும். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதைக் கியூரி உடன்பிறப்புகள் 1880இல் கண்டறிந்தனர். இப்பண்பைக் கொண்டே பிற்காலத்தில் அதிர்வை மின்குறியாக மாற்றும் உணர்கருவிகள் உருவாயின. 1939இல் ரத்போன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், எவ்வளவு அதிர்வு நன்று, எவ்வளவு தீது என வரையறுக்கும் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அவர் காப்புறுதி நிறுவனத்தில் பணிபுரிந்தவர் என்பது குறிக்கத்தக்கது. இயந்திரம் உடைந்தால் பணம் கொடுக்க வேண்டியவருக்கு அதன் முனகல் முன்னதாகவே கேட்பது இயல்புதானே!

பெருந்தடை கணக்கிடுவதில் இருந்தது. 1024 அளவுகளைக் கொண்ட ஒரு குறியை நேர்முறையில் பிரிக்க 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு முறையில் அது 10,000 அளவிற்குக் குறைந்தது. அதன் பின்னரே ஆலைத் தளத்தில் நின்றுகொண்டு இயந்திரத்தின் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்ப்பது இயல்வதாயிற்று.

பார்ப்பது எவ்வாறு என்பதையும் சற்று அறிதல் நலம். நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை சுழலும் ஒரு தண்டினை, எட்டுக் குண்டுகளைக் கொண்ட பேரிங் ஒன்று தாங்குவதாகக் கொள்வோம். தண்டு 25 முறை சுழலும்போது குண்டுகளின் வரிசை ஏறத்தாழ 10 முறையே சுற்றிவரும். அசையாத வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்திருந்தால், எட்டுக் குண்டுகளும் அதைத் தாண்ட, நொடிக்கு 80 தட்டல்கள் எழும். தண்டோடு சுழலும் உள்வளையத்தில் குழி இருப்பின், எஞ்சிய 15 சுற்றின் கணக்கால் 120 தட்டல்கள் எழும். தண்டின் எடை ஒருபுறம் சாய்ந்திருந்தால் 25 என்னும் எண்ணிலேயே அதிர்வு ஓங்கும். இவ்வாறு, பழுது உண்டு என்பதோடு நில்லாமல், அது எங்கே உண்டு என்பதையும் எண் சொல்லிவிடுகிறது. சுத்தியல் பிடித்தவர் இதைச் சொன்னதில்லை.

எண் சொல்வதைக் கேட்க ஆள் வேண்டுமே! ஜெர்மனியில் ஓடிய அதிவிரைவு வண்டிகளின் முழுவார்ப்புச் சக்கரங்கள் உணவுப் பெட்டியில் அதிர்வை உண்டாக்கின. அதை அடக்க, இரும்பு வளையத்துக்கும் சக்கர உடலுக்கும் இடையே இரப்பர் வைத்த சக்கரங்கள் பொருத்தப்பட்டன. 1998ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், எஷெடெ என்னும் சிற்றூர் அருகே அத்தகைய வளையம் ஒன்று உட்புறத்திலிருந்து வெடித்துப் பிரிந்தது. வண்டி பாலமொன்றில் மோத, 101 பேர் உயிரிழந்தனர். அச்சக்கரத் தொகுதியின் ஓசையையும் அதிர்வையும் பற்றி வண்டிப் பணியாளர் முன்பே பலமுறை எழுதிக் கொடுத்திருந்தனர். சக்கரமோ மாற்றப்படவில்லை. பயணிகளின் வசதிக்காக ஓர் அதிர்வை மறைத்தவர்கள், இன்னோர் அதிர்வைப் பணியாளர் சொல்லியும் செவிமடுக்கவில்லை. செவியும் இருந்தது, ஏடும் இருந்தது, கேட்டோர்தாம் இலர்.

ஜொகூரிலும் காலம் மாறியுள்ளது. பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் 2006இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அங்குள்ளவை போன்ற பெருஞ்சுழலிகள் நொடிக்கு 50 முறை சுழல்பவை. சுழலும் அவற்றின் அருகே காதை வைத்தல் இயலாது. தாங்கிகளில் பொருத்திய உணர்கருவிகளே இரவும் பகலும் கேட்கின்றன. கிம்மாஸ் பாதையும் இரட்டைப் பாதையாகி, 2025ஆம் ஆண்டில் மின்தொடர்வண்டிகள் ஜொகூர் மாநிலத்துக்குள் ஓடத் தொடங்கின. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவர்க்கு அதிர்வியல் ஒரு பாடம். செம்பனை எண்ணெய் ஆலைகளிலோ பழைய முறை முற்றும் மறையவில்லை. திருப்புளியின் முனையைப் பேரிங்கின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்மூடி நிற்கும் தொழிலாளி, கருவி காட்டிய எண்ணைத் தம் செவியால் ஒருமுறை சரிபார்த்த பின்னரே இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறார்.