இரண்டு பதிவேடுகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பல்களின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இக்குடாவுக்காக மோதிக்கொண்ட கதையை நமது பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. 1660-ல் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் கைதியாயிருந்த ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரின் கதையும் உண்டு. அவர் தப்பித் தாயகம் சேர்ந்தார். 1681-ல் நூல் வெளியிட்டார். அதே கொட்டியாரக் கரையிலுள்ள மூதூரிலிருந்து பிழைப்புக்காகப் புறப்பட்டு, அந்நிய நாட்டில் சிறைப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணோ திரும்பி வரவேயில்லை. அவருடைய கதையும் இந்தத் துறைமுகத்தின் வரலாறுதான் என்பது நமது கருத்து.

அவர் பெயர் ரிசானா நபீக். ஆழிப்பேரலை மூதூரைத் தாக்கிச் சில மாதங்களே கழிந்திருந்த 2005 மே மாதத்தில், சவூதி அரேபியாவின் தவாத்மி நகரில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு அப்போது வயது 17. கடவுச்சீட்டோ 23 என்றது. வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் கைக்குழந்தையின் பராமரிப்பும் ஒப்படைக்கப்பட்டது. அம்மாதமே அக்குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கையில் புரையேறியது என்றார் ரிசானா. கழுத்தை நெரித்தார் என்றது வழக்கு. வழக்கறிஞர் துணையின்றி வாக்குமூலம் பெறப்பட்டது. சொன்னதைச் சரியாக மொழிபெயர்க்கவும் ஆளில்லை. 2007-ல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9-ஆம் நாள் அது நிறைவேற்றப்பட்டது.

இரண்டு உயிர்கள் போயின. குழந்தை வளர்ப்பில் பயிற்சி எதுவும் பெறாத ஒரு சிறுமியின் கையில் பச்சிளங் குழந்தையைக் கொடுக்கலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது? “பெண்தானே, பிள்ளை தூக்கத் தெரியாதா?” என்ற பழைய எண்ணத்திலிருந்தே வந்தது. குழந்தைக்குத் தலையை உயர்த்திப் பிடித்துப் பாலூட்ட வேண்டும். ஊட்டியபின் தோளிற் சாய்த்து ஏப்பம் விடச்செய்ய வேண்டும். புரையேறினால் உடனே என்ன செய்வதென்று அறிந்திருக்க வேண்டும். இவை கற்றுத் தெரிய வேண்டிய தொழில் நுட்பங்கள். பெண்ணாய்ப் பிறந்ததனால் மட்டும் வந்துவிடுபவை அல்ல.

இந்த எண்ணத்திற்கும் இதற்கு எதிரான எண்ணத்திற்கும் நம் நாட்டுச் சட்ட ஏடுகளிலேயே சான்று இருக்கிறது. 1871-ல் பிரித்தானிய ஆட்சி, வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்வதற்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. எசமானின் வீட்டையும் உடைமையையும் காப்பதற்காக வேலையாளைக் கண்காணிப்பதே அதன் நோக்கம். அவருக்கு என்ன தெரியும், எத்தனை மணிநேரம் உழைக்கிறார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை.

1927-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் வேறொரு பதிவேட்டைத் திறந்தது. அது மருத்துவமாதருக்கு உரியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியிருந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு தேடிச் சென்று கர்ப்பிணியையும் சிசுவையும் பார்க்கும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1930-களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2015 அளவில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. மலேரியா ஒழிப்பும் புதிய மருந்துகளும் இலவச மருத்துவமனைகளும் இதில் பெரும்பங்கு வகித்தன. ஆயினும் அவற்றைக் குடிசை வாசலோடு இணைத்தவர் பதினெட்டு மாதப் பயிற்சியும் அரசுச் சம்பளமும் பெற்ற மருத்துவமாதே ஆவார். அவர் வீட்டுக்குள் செய்யும் பணியைச் சமுதாயம் தன் பொறுப்பாக ஏற்றது. அதனால் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

ரிசானாவின் மரணத்திலிருந்து ஆட்சியாளர் கற்ற பாடம் எது? சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் வயதெல்லையை உயர்த்தினர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போகக்கூடாதென 2013-ல் விதித்தனர். பெண்ணின் காலைக் கட்டினர். அவரைத் துரத்தும் வறுமையைத் தொடவில்லை. வீட்டு வேலையும் தொழிலே, அதற்கும் ஓய்வும் ஒப்பந்தமும் பாதுகாப்பும் வேண்டும் என்று சர்வதேசத் தொழில் தாபனம் 2011-ல் ஜெனீவாவில் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையின் குரல் 1871-இன் குரலை வெல்ல வேண்டாமா?

இஃது அந்நிய நாட்டுக்குப் போகிறவர்களின் பிரச்சினை மட்டுமன்று. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிருவர் அறுபது வயதைக் கடந்தவர்கள். விழுங்க முடியாத முதியவரை மல்லாத்திப் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டினால் அவருக்கும் புரையேறும். நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். இந்த வேலை மகள் மீதோ மருமகள் மீதோ கூலிக்கு வந்த ஏழைப்பெண் மீதோ விழுகிறது. அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? தவறு நேர்ந்தால் பழி மட்டும் அவர்கள் தலையில் வந்து விழும்.

பிரசவ அறைக்குள் நுழைந்த பயிற்சியும் சட்டமும் நோயாளியின் கட்டிலருகிலும் தொட்டிலருகிலும் நுழைய முடியும். ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பில் நொக்ஸின் கதையைச் சொல்லும் நாளில் மூதூர்ப் பெண்ணின் கதையையும் சொல்லுங்கள். அந்த இரண்டு பதிவேடுகளில் எதில் அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.